மாப்பிள்ளையோடு மீன் பிடிக்கப் போனது

எனக்குக் கடல் பிடிக்காது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருப்பவன் நான். முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய் நிலத்தில் ஓட்டை போட்டுத் தண்ணீர் தேடியிருக்கிறேன். ஆயிரம் அடி இறங்கி வெறும் புழுதியைக் கண்டு, நிலத்துக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்த நாட்கள் எத்தனையோ. அப்படிப்பட்டவனுக்கு, கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீரைக் கொட்டி வைத்து அத்தனையும் ஒருவருக்கும் உதவாத உப்பு என்று காட்டினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும். ஆனாலும் ஒரு பங்குனி மாதம், கடலூர்ப் பக்கம் ஒரு படகை வாடகைக்குப் பேசி, அடிக்கடலில் பாறையோரம் கிடக்கிற மீனைப் பிடிக்கப் போனேன். மீன் ஒரு சாக்குத்தான். என் தங்கச்சி புருஷனை என்னோடு பேச வைக்கத்தான் போனேன்.

அவரை நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். பரமத்திப் பக்கம் தோட்டம், இரண்டு லாரி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். எங்கள் பக்கத்தில் ஊர் மாரியம்மன் பண்டிகையை நோம்பி என்போம். நோம்பி முடிந்த மறுநாள் கிடாய் வெட்டி, கொடுத்த இடம் கொண்ட இடம் எல்லாரையும் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த வருடத்திலிருந்து நான் ஒரு நோம்பிக்கும் போகாமல் இருந்ததில்லை. கடைசியாகப் போன விருந்தில் என் பக்கத்தில் ஐம்பது பேர் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறிக்கொண்டே வந்த மாப்பிள்ளை, அந்த மாசிக் கடைசியில் என் வண்டி அவர் தோட்டத்தில் போட்ட போரைப் பற்றிப் பேச்செடுத்தார்.

“எங்க மச்சான் வண்டி எண்ணூறு அடி போச்சுங்க. தண்ணிதான் வரலீங்க. பவுடர் நல்லா வந்துச்சு. ஊட்டுல எல்லாரும் அதுலதான் பல்லு வெளக்கறோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இலையில் பாதிச் சோறு கிடந்தது. அப்படியே எழுந்து, கையைக் கழுவி, வண்டியேறி வந்துவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுவது எங்களில் அடிப்பதைவிடப் பெரிய காரியம். எழுந்தவன் திரும்ப அந்த வீட்டில் கை நனைக்கிறவரைக்கும் உறவு அறுந்ததுதான். கை நனைப்பது என்றால் சாப்பிடுவது, வேறொன்றுமில்லை. ஒரு வாய் சோறு போதும். அந்த ஒரு வாயை ஆறு வருடமாக நான் தின்னவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

இதற்குள் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். வைகாசியில் முகூர்த்தம். எனக்கு விஷயம் தெரிந்ததே ஒரு பெட்ரோல் பங்கில், யாரோ மூன்றாம் மனிதர் வாயால். நான் அந்தப் பெண்ணின் தாய்மாமன். முகூர்த்தத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டிய கை என் கை. பிறந்த பதினாறாம் நாள் அவளை மடியில் வைத்துப் பெயர் வைத்தவன் நான். எனக்கு வேறு தங்கச்சி இல்லை, பெண் பிள்ளையும் இல்லை. எனக்கு முறைப்படி அழைப்பு வருமா, இல்லை வேறு பங்காளி யாரையாவது நிறுத்தி முடித்துவிடுவார்களா என்பதுதான் அந்த ஒரு மாதம் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. சைட்டில் நின்றாலும் அதே நினைப்பு, சோற்றில் கை வைத்தாலும் அதே நினைப்பு. வெளியில் மட்டும், கூப்பிட்டால் போகிறேன், இல்லாவிட்டால் எனக்கென்ன என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் சிநேகிதர் ஒருவர் சேலம் அம்மாபேட்டைக்காரர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். ரிக் சாமானுக்கு நானும், லாரி சாமானுக்கு மாப்பிள்ளையும் அவரிடம்தான் போவோம். நான் இருக்கும்போது மாப்பிள்ளை வந்தால் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு நிற்பார். இதை ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்து சிநேகிதருக்கே சலித்துவிட்டது. அவருக்கு மீன் பிடிக்கிற பைத்தியம் உண்டு. கடலூர்ப் பக்கம் ஒரு படகுக்காரரைப் பழக்கம் பிடித்து வைத்திருந்தார்.

“தடைக்காலம் வர இன்னும் பத்து நாள்தான் இருக்கு. அப்புறம் போட்டையெல்லாம் கட்டிப் போட்டுடுவாங்க. இந்த ஞாயித்துக்கெழமை போயிடலாம். அவரையும் வரச் சொல்லிட்டேன், சரின்னுட்டாரு. ஊருல பேச உட்கார வெச்சா ரெண்டு பேருல ஒருத்தர் எந்திரிச்சுப் போயிடுவீங்க. கடல்ல எங்க எந்திரிச்சுப் போவீங்க?” என்றார்.

யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. படகிலேயே சமைத்து, மூன்று பேரும் உட்கார்ந்து தின்றால் கை நனைத்த கணக்கில் சேரும். அதற்குமேல் மாப்பிள்ளை வாய் திறந்து கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் இருக்க முடியாது. அந்த நாளே எனக்குத் தோதாகப் பட்டது. என்ன நாள், எந்த வாரம் என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. இலை என்னோடதாக இருக்கட்டும் என்று தோட்டத்தில் நானே நல்ல தலைவாழை இலையாக நான்கு அறுத்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். 

சனிக்கிழமை மதியமே நானும் சிநேகிதரும் அவர் காரில் கிளம்பினோம். அயோத்தியாப்பட்டணம் தாண்டும்போது மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். எங்களோடு வந்து லாட்ஜில் தங்கலாமே என்று கேட்டார். மாப்பிள்ளை, இல்லைங்க, ராத்திரி தங்க முடியாது, விடியறதுக்குள்ள நானே வந்து சேர்ந்துக்கறேன் என்று சொல்லிவிட்டார். என்னோடு ஒரே காரில் உட்கார மனசில்லை, ஒரே கூரையடியில் படுக்க மனசில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆத்தூர் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். சிநேகிதர் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

சொன்ன மாதிரி விடிகிற நேரத்தில் மாப்பிள்ளை படகுத்துறையில் வந்து நின்றார். முழுக்கைச் சட்டை, வேட்டி, தோளில் ஒரு துணிப்பை. தலை நரைத்திருந்தது. ஆறு வருடத்தில் இவ்வளவு நரைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“வாங்க மச்சான்” என்றார். பிறகு, “நல்லா இருக்கீங்களா?” என்றார்.

“இருக்கறேங்க” என்றேன்.

அதோடு படகில் ஏறிவிட்டோம். படகுக்காரர் ஐம்பது வயது மனிதர், அவர் தம்பி இஞ்சினைப் பார்த்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் போனது. கரை மறைந்ததும் சிநேகிதர் ஒரு தரம் வாந்தி எடுத்தார். நானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

படகுக்காரர் ஒரு இடத்தில் நிறுத்தி, கீழே பார் இருக்கிறது என்றார். கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டைத்தான் பார் என்கிறார்கள். கலவாவும் சங்கராவும் அதில்தான் ஒண்டிக் கிடக்குமாம். எவ்வளவு ஆழம் என்று கேட்டேன்.

“பதினெட்டுப் பாகம் சார்” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒரு பாகம் ஆறடி. மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, நூற்றிப்பத்து அடிகூட இல்லையா என்றேன். அதெல்லாம் எங்களுக்கு மேல்மண். மண் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்குகிற ஆழம்.

தூண்டில் முள்ளில் கணவாய் மீன் துண்டைக் குத்தி, ஈயக்குண்டு கட்டிய நைலான் நரம்பை என் கையில் கொடுத்தார். குண்டு தரை தட்டியதும் நிறுத்தி ஒரு முழம் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் கை கேட்கவில்லை. முப்பது வருடமாகப் பாறை தட்டிய இடத்தில்தான் எனக்கு வேலை ஆரம்பம். குண்டு தட்டியது தெரிந்ததும் நரம்பை இன்னும் விட்டேன், இன்னும் விட்டேன். பாறை இடுக்கில் போய் நன்றாக மாட்டிக்கொண்டது. இழுத்தால் படகே சாய்கிறது.

“என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?” என்றார் படகுக்காரர்.

மாப்பிள்ளை அதுவரைக்கும் தூண்டிலைத் தொடவில்லை. சிநேகிதர் எத்தனை தரம் கொடுத்தும், நீங்க பிடிங்க, நான் பாக்கறேன் என்று சொல்லிவிட்டார். இப்போது எழுந்து வந்து, என் கைக்குப் பக்கத்தில் கையை வைத்து நரம்பைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். என் உள்ளங்கை அறுத்தது. அவர் தன் துண்டை எடுத்து என் கைக்குள் கொடுத்தார். நரம்பு பட்டென்று அறுந்து இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம்.

“ஆயிரம் அடி போற வண்டி, நூறடில மாட்டிக்கிச்சுங்க மச்சான்” என்றார்.

அதே வாய். அதே வண்டி. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்த வாக்கில் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆறு வருடத்தில் அவ்வளவு லேசாக நான் மூச்சு விட்டதில்லை. இந்த மனிதரோடு போய் எதற்கு இத்தனை வருடம் முறைத்துக்கொண்டு இருந்தோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு மீன் ஏறியது. சிநேகிதருக்கு இரண்டு சங்கரா, எனக்கு முழங்கை நீளத்துக்கு ஒரு கலவா. படகுக்காரரின் தம்பி அங்கேயே அறுத்துச் சுத்தம் செய்து, ஸ்டவ்வைப் பற்ற வைத்துக் குழம்பு கூட்டினார். மாப்பிள்ளை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கடலைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“மச்சான், பாப்பாவுக்கு வைகாசில...”

நான் இதற்காகத்தான் வந்தேன். பேசாமல் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு என்ன தோன்றியது என்றால், இந்தப் பேச்சு இலைக்கு முன்னால் உட்கார்ந்துதான் நடக்க வேண்டும், சோறு தின்று கை நனைத்தபிறகு அவர் சொன்னால்தான் அது முறையாகும் என்று தோன்றியது. “இருங்க மாப்பிள்ளைங்க, சாப்புட்டுக்கிட்டே பேசலாம். சோறு ஆயிப்போச்சு” என்று எழுந்துவிட்டேன்.

இலையை நானே விரித்தேன். தண்ணீர் தெளித்து, சோறு போட்டு, குழம்பை ஊற்றி, கலவாவில் நல்ல நடுத்துண்டாக எடுத்து அவர் இலையில் வைத்தேன். வாழ்க்கையில் நான் யாருக்கும் பரிமாறியதில்லை. அவர் இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. என் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது.

“எனக்கு வேண்டாங்க மச்சான். நீங்க சாப்புடுங்க” என்றார்.

“ஏனுங்க?”

அவர் துணிப்பையைத் திறந்து ஒரு தூக்குப்போசியை எடுத்தார். புளிசோறு. திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் தங்கச்சி கைப்பக்குவம். எங்கள் அம்மா மாதிரியே கொத்தமல்லி வறுத்துப் பொடித்துப் போடுவாள். “உங்க தங்கச்சி கட்டிக் குடுத்துச்சு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான். ஒரு வாய் திங்கறீங்களா?” என்று போசியை என் பக்கம் நீட்டினார்.

வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அப்படியானால் என் கையால் தின்னக் கூடாது என்று கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறார். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான். அன்றைக்கு ஐம்பது பேருக்கு முன்னால் சிரிப்பாகச் சிரிக்க வைத்தது போதாதென்று, இன்றைக்கு மூன்று பேருக்கு முன்னால் என் இலையைத் தள்ளுகிறார்.

“மீன் திங்கத்தான இத்தன தூரம் வந்தது?” என்றேன்.

“வரச் சொன்னீங்க. வந்தேனுங்க” என்றார்.

நான் அவர் முன்னால் இருந்த இலையைச் சோறும் குழம்புமாக அப்படியே சுருட்டி எடுத்துக் கடலில் எறிந்தேன். என் இலையையும் எறிந்தேன். சிநேகிதர் தன் இலையில் கை வைத்தபடி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். நீட்டிய போசியை மாப்பிள்ளை மெதுவாக மூடினார். அவரும் தின்னவில்லை. கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. எந்திரிச்சு எங்கே போவீர்கள் என்று சிநேகிதர் கேட்டது எவ்வளவு பெரிய கொடுமை என்று அந்த இரண்டு மணி நேரத்தில் தெரிந்துகொண்டேன். இறங்கியதும் மாப்பிள்ளை படகுக்காரருக்கும் சிநேகிதருக்கும் கும்பிட்டார். எனக்கும் கும்பிட்டார். “பொழுதோட ஊர் போய்ச் சேரோணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

நான்கு நாள் கழித்து, எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் ஓடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. தங்கச்சி நம்பர். ஆறு வருடமாக அந்த நம்பர் என் போனில் மேலே வந்ததில்லை. கம்ப்ரஸர் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல், சோளக்காட்டுக்குள் வெகுதூரம் நடந்து போய்ப் பேசினேன்.

“அண்ணா, எங்கூர்ல பூச்சாட்டி கம்பம் நட்டு ஒரு வாரமாகுது” என்றாள்.

எனக்குக் கால் நின்றுவிட்டது. நோம்பிக்குப் பூச்சாட்டி, மாரியம்மன் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்குகிறவரைக்கும் அந்த ஊர்க்காரர் கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் தொடக் கூடாது. வெளியூரில் ராத்தங்கக் கூடாது. இது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். அம்மாபேட்டைச் சிநேகிதருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவர்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகை ஆடியில்தான். எனக்குத் தெரியாமல் போக வழியே இல்லை. என் தங்கச்சி ஊரில் பங்குனியில் எந்தச் செவ்வாய்க்கிழமை பூச்சாட்டுவார்கள் என்று ஒரு காலத்தில் மற்றவர்கள் என்னைத்தான் கேட்பார்கள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “கம்பம் நட்டிருக்கறப்ப மீன் விருந்துக்குக் கூப்புடறாங்களே, போவாதீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. உங்க மச்சானுக்கு நம்ம நோம்பி தெரியாமயா இருக்கும், வேணும்னே பண்றாருன்னாங்க. நாந்தான் போயிட்டு வாங்கன்னு அனுப்புனேன். எங்கண்ணன் அப்பிடிப் பண்ணாதுன்னேன். ராத்திரி ஊர்ல படுத்து எந்திரிச்சு, பொழுதோட திரும்பி வந்துருங்கன்னேன். நோம்பி முடிஞ்சு பத்திரிக வெக்க வாரோம்னு உன்ற கிட்டச் சொல்லிட்டு வரச் சொன்னேன். வெத்தல பாக்கு தட்டெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். வந்து, அத உள்ள எடுத்து வெய்யின்னுட்டாரு.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுண்ணா. தெரிஞ்சு பண்ணுனியா, மறந்துட்டியா?”

மறந்துவிட்டேன். அதுதான் உண்மை. ஆறு வருடமாக அந்த வீட்டின் மேல் இருந்த கோபத்தை நாள் தவறாமல் நினைத்துக்கொண்டிருந்தவன், அந்த ஊர் நோம்பியை அடியோடு மறந்திருந்தேன். மறந்துட்டேன் சாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அடுத்த நிமிடமே தட்டை எடுத்து வெளியே வைத்திருப்பாள். ஆனால் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. அண்ணன் கோபக்காரன் என்று அவளுக்குத் தெரியும், அதை அவள் எப்படியாவது பொறுத்துக்கொள்வாள். வருடா வருடம் முதல் ஆளாக அவள் வாசலில் வந்து நின்ற அண்ணன், அவள் ஊரையே மறந்துபோனான் என்பதை எப்படிச் சொல்வது. அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு கேவலமாக இருந்தது.

“தெரிஞ்சுதான்” என்றேன்.

 “செரிண்ணா” என்று போனை வைத்துவிட்டாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பட்டம் கட்டியது என் பெரியப்பா மகன். சிநேகிதர் போயிருந்தார். போனில் எடுத்து வந்த போட்டோவைக் காட்டட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வாங்கிப் பார்த்தேன். என் பெரியப்பா மகனுக்குக் கை நடுக்கம் உண்டு. பட்டம் ஒரு பக்கம் கோணலாக இருந்தது. பாப்பா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி பக்கத்தில் நின்று கோணலைச் சரிசெய்யக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் கட்டியிருக்கிறான் என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.